மின்சாரம் காய்க்கும் மரம்

(பொன்விழாக் கருத்தரங்கில் பங்கு மக்கள் முன் ஆற்றிய உரை)



பொன்விழாவின் நினைவாக நம் ஆலய வளாகத்தில் நிலையான ஒன்றைச் செய்ய வேண்டும் என்று பேரவையில் பேச்சு எழுந்தது. சிலர் நுழைவாயிலில் வளைவு கட்டலாம் என்றார்கள். சிலர் கெபிக்குப் பளிங்குக்கல் பதிக்கலாம் என்றார்கள். நம் இளைஞர்களோ, வெயிலிலும் காற்றிலும் மின்சாரம் தரும் செயற்கை மரம் ஒன்றை நிறுவலாம் என்றார்கள். பள்ளியில் பௌதிகம் கற்பித்தவன் என்ற முறையில், அது என்ன மரம், நம் மதுரை மண்ணுக்குப் பொருந்துமா என்று விளக்கும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். அத்துடன் இன்னொரு கேள்வியும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. அந்த மரத்துக்கு இடம் வேண்டுமென்றால், கெபிக்கு முன்னால் நிற்கும் இரண்டு வேம்புகளையும் எடுத்துவிடலாமா என்பதே அது. இந்த இரண்டாவது கேள்விக்கு விடை காண்பதற்காகத்தான் முதல் கேள்வியைச் சற்று விரிவாகவே ஆராய விரும்புகிறேன்.

முதலில் ஒரு செய்தியைத் தெளிவாக்கிக் கொள்வோம். செயற்கை மரம் என்பது வேரும் சாறும் உள்ள மரமன்று. இரும்புத் தூண் ஒன்று அடிமரமாக நிற்கிறது. அதிலிருந்து இரும்புக் கிளைகள் பிரிகின்றன. ஒவ்வொரு கிளையின் நுனியிலும் இலைக்குப் பதிலாக ஒரு சூரியத் தகடு பொருத்தப்படுகிறது. அந்தத் தகட்டின் உட்பொருள் சிலிக்கான். மணலிலிருந்து பிரித்தெடுக்கப்படுவது அது. ஒளி அதன்மேல் விழும்போது அதற்குள் இருக்கும் எலெக்ட்ரான்கள் நகர்ந்து ஓடுகின்றன. அந்த ஓட்டமே மின்சாரம். அது நேர்மின்சாரம் ஆதலால், இன்வெர்ட்டர் என்னும் கருவி அதை நம் வீட்டு விளக்குக்கும் விசிறிக்கும் ஏற்ற மாறுமின்சாரமாக மாற்றித் தருகிறது.

ஒளியிலிருந்து மின்சாரம் பிறக்கும் என்பதை 1839ஆம் ஆண்டிலேயே பெக்கரல் என்ற பிரெஞ்சு இளைஞர் கண்டறிந்தார். அப்போது அவருக்கு வயது 19. ஆயினும் பயன்படத்தக்க சிலிக்கான் தகடு அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவானது 1954ஆம் ஆண்டில்தான். இடைப்பட்ட காலத்தில் சூரியனை வேலை வாங்க முயன்றவர்களில் ஒரு கத்தோலிக்கக் குருவும் உண்டு என்பது நம்மில் பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம். போர்ச்சுக்கல் நாட்டுக் குருவான அவரை 'ஹிமாலயா பாதிரியார்' என்றே அழைத்தார்கள். கண்ணாடிகளால் வெயிலை ஒரே புள்ளியில் குவித்து உலோகத்தையே உருக்கும் மாபெரும் சூரிய உலை ஒன்றை அவர் அமைத்தார். 1904ஆம் ஆண்டு அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் அது முதன்மைப் பரிசைப் பெற்றது. ஆகவே, ஆலயத்தில் சூரிய சக்தியைப் பற்றிப் பேசுவது புதுமையும் அன்று, பொருந்தாததும் அன்று.

தகடுகளைத் தரையில் பரப்பி வைக்காமல், ஏன் மரம் போல் நிறுத்த வேண்டும்? நிலம் இல்லை என்பதே காரணம். நம் மதுரையிலிருந்து அதிக தூரமில்லாத கமுதியை எடுத்துக்கொள்ளுங்கள். இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த அவ்வூரில் 2016ஆம் ஆண்டு 648 மெகாவாட் திறனுள்ள சூரிய மின் நிலையம் அமைந்தது. அதற்குப் பிடித்த நிலம் ஏறத்தாழ 2,500 ஏக்கர். தகடுகள் 25 லட்சம். கமுதியின் வறண்ட பரப்பில் அது இயன்றது. வைகைப் பாசனத்தில் நெல் விளையும் சோழவந்தானில் அது தகுமா? ஓட்டுக்கு ஓடு ஒட்டி நிற்கும் நம் தெருக்களில் இயலுமா? இந்தக் கேள்விக்கு ஒரு விடையாகத்தான் செயற்கை மரம் பிறந்தது.

நம் நாட்டில் இதை முனைந்து செய்தவர்கள் மேற்கு வங்கத்தில் துர்க்காபூரில் உள்ள மத்திய இயந்திரப் பொறியியல் ஆராய்ச்சி நிலையத்தார். 2016ஆம் ஆண்டு அவர்கள் அறிமுகப்படுத்திய 5 கிலோவாட் சூரிய மரத்துக்குத் தரையில் தேவைப்பட்ட இடம் 4 சதுர அடிதான். அதே தகடுகளைத் தரையில் பரப்பினால் 400 சதுர அடி வேண்டும். பின்னர் 2020ஆம் ஆண்டில், தங்கள் குடியிருப்பிலேயே 11.5 கிலோவாட் திறனுள்ள இன்னும் பெரிய மரத்தை நிறுவினார்கள். அதில் 35 தகடுகள். ஆண்டுக்கு 12,000 முதல் 14,000 யூனிட் வரை மின்சாரம் தரும் என்றும், விலை ஏழரை லட்சம் ரூபாய் என்றும் அறிவித்தார்கள்.

இதில் நம் சிந்தனைக்குரிய நுட்பம் ஒன்று உண்டு. பப்பாளி மரத்தைக் கீழிருந்து அண்ணாந்து பாருங்கள். ஓர் இலைக்கு நேர் மேலே அடுத்த இலை நிற்பதில்லை. சற்று விலகி, சுழன்று சுழன்று ஏறுகின்றன. மேலிலையின் நிழல் கீழிலையை மறைக்கக் கூடாது என்பதற்காகவே இந்த ஒழுங்கு. துர்க்காபூர் விஞ்ஞானிகள் தங்கள் தகடுகளை அடுக்கியதும் இந்த முறையைப் பின்பற்றித்தான். படைத்தவர் மரத்தில் எழுதி வைத்த பாடத்தை மனிதன் இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறான் என்று சொல்லலாம்.

இனிக் காற்றுக்கு வருவோம். பிரான்ஸ் நாட்டில் ஜெரோம் மிஷோ-லரிவியேர் என்பவர், பாரிஸ் நகரச் சதுக்கம் ஒன்றில் காற்றே இல்லாதது போலிருந்த வேளையிலும் மரத்து இலைகள் அசைவதைக் கவனித்தார். அந்தச் சிறு அசைவையும் மின்சாரமாக்க முடியாதா என்று எண்ணினார். அதன் பயனாக 'காற்று மரம்' உருவானது. ஏறத்தாழ 11 மீட்டர் உயரம், 72 இலைகள். ஒவ்வோர் இலையும் தனித்தனியே சுழலும் ஒரு குட்டிக் காற்றாலை. எல்லாம் சேர்ந்து முழு வேகத்தில் சுழன்றால் 3.1 கிலோவாட். 2015ஆம் ஆண்டு பாரிஸின் புகழ்பெற்ற கொன்கோர்த் சதுக்கத்தில் அதை நிறுத்திக் காட்டினார்கள்.

மதுரைக்காரர்களாகிய நாம் இதைக் கேட்டு வியந்தால் மட்டும் போதாது. நம் பகுதியிலேயே காற்றை வேலை வாங்கிய கதை ஒன்று உண்டு. 1970களின் தொடக்கத்தில் மார்கஸ் ஷெர்மன் என்ற அமெரிக்கர் மதுரைப் பகுதியில் ஒரு காற்றாடியை அமைத்தார். அதன் நடுச்சக்கரம் நம் மாட்டுவண்டிச் சக்கரம். அதன் கைகள் மூங்கில். இலைகளோ துணிப் பாய். உள்ளூர்த் தச்சரும் கொல்லரும் செய்யக்கூடிய பொருள்களைக் கொண்டே தண்ணீர் இறைக்க வழி செய்தார். மின்சாரம் தரவில்லையே தவிர, கைக்கு எட்டிய பொருளைக் கொண்டு காற்றைப் பிடிக்கலாம் என்பதை அது நம் மண்ணிலேயே மெய்ப்பித்தது.

ஆயினும் காற்று விஷயத்தில் ஒரு கணக்கை மறக்கக் கூடாது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள சக்தி இரண்டு மடங்கு ஆவதில்லை, எட்டு மடங்கு ஆகிறது. வேகம் பாதியாகக் குறைந்தால் சக்தி எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அதனால்தான் பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகிய கணவாய்களின் வாயில்களிலே காற்றாலைகள் நிற்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளியில் தென்மேற்குப் பருவக்காற்று நெருக்குண்டு, சீறிக்கொண்டு வருகிறது. ஆண்டிபட்டிப் பக்கம் பேருந்தில் போனவர்கள் அந்த ராட்சத இறக்கைகளைப் பார்த்திருப்பீர்கள். அங்கிருந்து மதுரைச் சமவெளிக்கு வந்து சேரும்போது காற்றின் வேகம் தணிந்துவிடுகிறது. மேலும் வீடுகளும் கோபுரங்களும் மோதிக் கலைத்துச் சுழலாக்கிவிடுகின்றன. ஆடி மாதத்தில் புழுதி பறக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் ஐப்பசியிலும் மாசியிலும் என்ன செய்வது? ஆகவே நம் வளாகத்துக்குக் காற்று மரம் ஏற்றதன்று என்பது என் கருத்து. பள்ளிப் பிள்ளைகள் கண்டு கற்க ஒரு சிறு காற்றாடி வைக்கலாம். அதை நம்பி விளக்கு எரிக்க முடியாது.

வெயில் நமக்குக் குறைவில்லை. அதைப் பற்றி மதுரையில் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கிலோவாட் தகடு நம் பகுதியில் ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட் தரும். நிழலில்லாத மொட்டை மாடியில் அதற்குச் சுமார் 100 சதுர அடி வேண்டும். நம் சமூகக் கூடத்தின் மாடியில் ஆயிரம் சதுர அடி சும்மா வெயில் காய்ந்து கொண்டிருக்கிறது. அங்கே 10 கிலோவாட் அமைத்தால் நாளுக்கு 40 யூனிட். துர்க்காபூரின் பெரிய மரம் ஆண்டு முழுவதும் தருவதற்கு ஏறத்தாழ இணையான மின்சாரம் அது. அதற்காகத் தரையில் ஓரடி நிலமும் வேண்டாம், இரும்பு அடிமரமும் வேண்டாம், கோடைச் சூறைக்குத் தாங்கும் அளவுக்கு ஆழமான அஸ்திவாரமும் வேண்டாம்.

வத்திக்கானும் இந்த வழியைத்தான் பின்பற்றியது. 2008ஆம் ஆண்டு, பதினாறாம் பெனடிக்ட் திருத்தந்தையாக இருந்த காலத்தில், ஆறாம் பவுல் அரங்கத்தின் கூரையில் ஏறத்தாழ 2,400 தகடுகள் பொருத்தப்பட்டன. கூரை முன்பே இருந்தது, வெயிலும் முன்பே இருந்தது, இரண்டையும் சேர்த்து வைத்தார்கள், அவ்வளவே. பின்னர் 2024ஆம் ஆண்டில் திருத்தந்தை பிரான்சிஸ், ரோமுக்கு வெளியே சாந்தா மரியா தி கலேரியா என்ற இடத்தில் சூரிய மின் நிலையம் அமைக்கும்படி ஆணை பிறப்பித்தார். பயிர் செய்யும் நிலத்தைப் பாழாக்காமல், பயிரும் தகடும் ஒரே நிலத்தில் இருக்கும்படி அமைக்க வேண்டும் என்பதே அதன் கருத்து. அந்த ஆணைக்கு அவர் இட்ட பெயர் 'சகோதரர் சூரியன்'. அசிசியின் புனித பிரான்சிஸ் ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன் சூரியனையும் காற்றையும் சகோதரர் என்று அழைத்தார் அல்லவா, அதன் எதிரொலி அது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். மாடியில் தகடு வைத்துவிட்டால் மின்வெட்டு நேரத்திலும் விளக்கு எரியும் என்று பலர் நினைக்கிறார்கள். மின்வாரியக் கம்பியோடு இணைத்த சாதாரண அமைப்பில், வெளியே மின்சாரம் நின்றவுடன் நம் தகடும் தானாகவே நின்றுவிடும். கம்பத்தில் ஏறிப் பழுது பார்க்கும் தொழிலாளியின் உயிரைக் காக்கவே அப்படி வைத்திருக்கிறார்கள். இருளில் விளக்கு எரிய வேண்டுமென்றால் பாட்டரி வேண்டும். 2012ஆம் ஆண்டில் நாம் பட்ட பாடு உங்களுக்கு நினைவிருக்கும். நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலாக மின்சாரம் இல்லாமல், மெழுகுவர்த்தியில் திருப்பலி நடந்த நாள்கள் உண்டு. ஆண்டவர் சொன்ன பத்துக் கன்னியர் உவமையில், எல்லோரிடமும் விளக்கு இருந்தது. மாற்று எண்ணெய் ஐந்து பேரிடம்தான் இருந்தது. நம் தகடு அந்த விளக்கு என்றால், பாட்டரியே அந்த எண்ணெய். ஆனால் பாட்டரி விலை மிகுந்தது, சில ஆண்டுகளில் மாற்ற வேண்டியது. ஆகவே பீடத்து விளக்குகள், ஒலிபெருக்கி, குடிநீர் மோட்டார் ஆகியவற்றுக்கு மட்டும் அளவாக வைத்துக்கொள்வதே விவேகம்.

இனி அந்த வேம்புகளின் வழக்குக்கு வருகிறேன்.

தகடுகளுக்கு நிழல் பகை. ஒரு வரிசையில் கோத்த தகடுகளில் ஒன்றின்மேல் நிழல் விழுந்தாலும் வரிசை முழுவதும் தளர்ந்துவிடும். அதனால்தான், செயற்கை மரம் வர வேண்டுமென்றால் வேம்பு போக வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. இளைஞர்கள் தீய எண்ணத்தில் சொல்லவில்லை, பௌதிகப்படி சரியாகவே சொன்னார்கள். ஆனால் கணக்கை முழுவதும் போட்டுப் பார்க்க வேண்டும்.

வெயிலில் நூறு பங்கு விழுந்தால், இன்றைய நல்ல தகடு அதில் இருபது பங்கை மின்சாரமாக்குகிறது. இலையோ ஏறத்தாழ ஒரு பங்கைத்தான் மாவாகவும் மரமாகவும் சேர்த்து வைக்கிறது. இதை மட்டும் பார்த்தால் தகடு வென்றுவிட்டது. ஆனால் தகட்டில் மீதமுள்ள வெயிலில் பெரும்பகுதி வெறும் சூடாகிறது. நண்பகலில் தகடு 60 பாகைக்கு மேல் கொதிக்கிறது, கொதிக்கக் கொதிக்க அதன் மின்சாரமும் குறைகிறது. வேம்போ வேரால் நீரை உறிஞ்சி, இலைவழியே ஆவியாக்கி, தன்னையும் தன்னைச் சுற்றியுள்ள காற்றையும் குளிர வைக்கிறது. தகட்டை வாரம் ஒருமுறை நாம் தூசி துடைக்க வேண்டும். இருபத்தைந்து ஆண்டுகளில் அது ஓய்ந்துவிடும். வேம்பு தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ளும், தன் கொட்டையைத் தானே விதைத்துக்கொள்ளும், குருவிக்கும் காக்கைக்கும் வாடகையின்றி வீடு கொடுக்கும்.

அந்த இரு வேம்புகளின் அடியில் யார் உட்காருகிறார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். செவ்வாய்க்கிழமை நவநாளுக்கு முன்கூட்டியே வந்துவிடும் வயதான தாய்மார்கள். மறைக்கல்வி வகுப்புக்கு வரும் பிள்ளைகள். தேர்த்திருவிழாவில் சப்பரம் தூக்கிக் களைத்த தோள்கள். அடக்கத் திருப்பலிக்கு வந்து உள்ளே இடமில்லாமல் நிற்பவர்கள். இவர்களில் யாரும் பேரவையில் எழுந்து பேசப் போவதில்லை. அவர்கள் சார்பில் நான் பேசுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். யோனா இறைவாக்கினருக்கு ஒரு செடியின் நிழலை ஆண்டவர் தந்தார். மறுநாள் அது வாடியபோது, தாம் நட்டு வளர்க்காத அந்தச் செடிக்காக யோனா எவ்வளவு வருந்தினார்! நிழலின் அருமை போன பிறகே தெரியும். மரத்தை வெட்டிவிட்டு அந்த இடத்தில் இரும்பு மரத்தை நட்டால், அடுத்த சித்திரையில் அதன் மின்சாரத்தைக் கொண்டு விசிறி போட்டுத்தான் நாம் உட்கார வேண்டியிருக்கும். இறைவன் இலவசமாகத் தந்ததை விலைக்கு வாங்கும் வேலை அது.

அப்படியானால் செயற்கை மரம் வேண்டவே வேண்டாமா? அப்படி நான் சொல்லவில்லை. 2012ஆம் ஆண்டு சிங்கப்பூரில் திறக்கப்பட்ட கடலோரத் தோட்டத்தில் 18 செயற்கைப் பெருமரங்கள் நிற்கின்றன. அவற்றில் சிலவற்றின் உச்சியில் சூரியத் தகடுகள் உண்டு. அவற்றின் உடலிலோ உண்மையான கொடிகளும் செடிகளும் படர்ந்திருக்கின்றன. செயற்கை மரம் இயற்கை மரத்தை விரட்ட வேண்டும் என்ற சட்டம் ஒன்றுமில்லை. அதற்குரிய இடம் எது என்பதே கேள்வி. மரம் வளர வழியில்லாத இடமே அதற்குரிய இடம்.

ஆகவே பேரவையின் முன் என் பரிந்துரைகளை வைக்கிறேன்.

முதலாவது, சேமிப்பு. ஆலயத்திலும் கூடத்திலும் உள்ள பழைய விசிறி ஒன்று சுமார் 75 வாட் இழுக்கிறது. புதிய வகை விசிறிக்கு 30 வாட் போதும். முப்பது விசிறிகளை மாற்றினால் 2,250 வாட் செலவாகும் இடத்தில் 900 வாட் செலவாகும். ஒரு தகடும் வாங்காமலே ஒரு கிலோவாட்டுக்கு மேல் கிடைத்த கணக்கு இது.

இரண்டாவது, சமூகக் கூடத்து மாடியில் தகடுகள். நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 10 பாகையில் இருப்பதால், தெற்கு நோக்கிச் சற்றே சாய்த்து வைத்தால் போதும். அத்துடன் அளவான ஒரு பாட்டரி.

மூன்றாவது, இளைஞர்கள் கேட்ட மரம். தெருவை ஒட்டிய மேற்கு மூலையில், மண்ணே இல்லாமல் சிமெண்ட் பூசிய இடம் ஒன்று இருக்கிறது. அங்கே எந்த மரத்தின் நிழலும் விழுவதில்லை. அந்த மூலையில் ஒரு கிலோவாட் அளவில் சிறிய சூரிய மரம் ஒன்று நிறுத்தலாம். பகலில் அது சேர்க்கும் 4 யூனிட்டில் இரவு முழுவதும் மூன்று நான்கு தெருவிளக்குகள் எரியும். இரவு வேலை முடிந்து வரும் பெண்களுக்கும், டியூஷன் முடிந்து வரும் பிள்ளைகளுக்கும் அந்த இருண்ட மூலை வெளிச்சமாகும். மின்சாரம் நின்ற நாளில் அக்கம்பக்கத்தார் எந்த மதத்தினராயினும் வந்து தங்கள் கைபேசிக்கு மின்னேற்றிக் கொள்ளட்டும். பொன்விழாவின் ஒளி மதிலுக்கு உள்ளே மட்டும் எரிந்தால் போதுமா?

நான்காவது, இரு வேம்புகளும் நிற்கட்டும். அவற்றின் அடியைச் சுற்றிப் பூசிய சிமெண்டை உடைத்து, மழைநீர் வேருக்கு இறங்க வழி செய்வோம். பங்கின் ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு கன்று வீதம் வேம்பும் புங்கமும் நட்டு, நட்டவர்களே மூன்று கோடைகள் தண்ணீர் ஊற்றிக் காக்க வேண்டும் என்று பொறுப்புக் கொடுப்போம்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட சுற்றுமடலில், நம் பொது இல்லமாகிய இப்பூமியைப் பேணுவது விசுவாசத்தின் கடமை என்று உலகுக்கே எடுத்துரைத்தார். அந்தக் கடமை நம் பங்கில் தொடங்க வேண்டிய இடம் கூடத்தின் மாடியும், அந்த மேற்கு மூலையும், இரு வேம்புகளின் அடியும் என்று நான் கருதுகிறேன். இளைஞர்கள் கேட்டதில் பாதியையும், முதியவர்கள் கேளாமலே விரும்புவதில் முழுவதையும் நாம் செய்து முடிக்க முடியும். முடிவு பேரவையின் கையில்.

வெயிலையும் காற்றையும் நிழலையும் ஒருசேரத் தந்த இறைவன், அவற்றில் எதையும் வீணாக்காத விவேகத்தையும் நம் பங்குக்குத் தந்து ஆசீர்வதிப்பாராக.